வயிற்றுப் புண்ணுக்கு வீட்டிலேயே வேக் டிரெஸ்ஸிங்: டிஸ்சார்ஜுக்கு முன்பு முடிக்க வேண்டிய வேலைகள்

என் அம்மாவுக்கு 63 வயது. பதினைந்து வருடங்களாகச் சர்க்கரை நோய். தொப்புள் குடலிறக்கம் திடீரென்று இறுகிக்கொண்டதில் ஒரு நள்ளிரவில் அவசரமாக வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒன்பதாம் நாள் தையலின் நடுவில் சீழ் கசிந்தது. மேல் தையல்களைப் பிரித்துவிட்டபோது 14 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புண் வாய் திறந்து நின்றது. அதற்குத்தான் ‘வேக் டிரெஸ்ஸிங்’ என்றார்கள். புண்ணுக்குள் நுரைப்பஞ்சை வெட்டி வைத்து, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, ஒரு குழாய் வழியாகச் சின்ன மெஷின் இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கசிவு முழுவதும் கேனிஸ்டர் என்ற டப்பாவில் சேரும்.

ஐந்து நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, “இனி வீட்டிலிருந்தே வந்து கட்டு மாற்றிக்கொள்ளலாம்” என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவர் புண்ணைப் பார்க்கிறார், மெஷின்காரர் மெஷினைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நம் வீடு. அங்கே திருச்சியில் 25 நாள் நாங்கள் பட்ட பாட்டிலிருந்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கீழே உள்ள எதுவும் உங்கள் அறுவை மருத்துவரின் சொல்லோடு முரண்பட்டால் அவர் சொல்லே செல்லும்.

1. முதல் கேள்வி: உள்ளே இருக்கும் உறை மூடியிருக்கிறதா?

வயிற்றில் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் வெள்ளையாக, கெட்டியாக ஓர் உறை உண்டு. குடலை உள்ளே அடக்கி வைத்திருப்பது அதுதான். வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியது, அந்த உறை மூடியிருக்க, மேலே தோலும் கொழுப்பும் மட்டும் திறந்திருக்கும் புண்ணைத்தான். உறையே பிரிந்து குடல் தெரிகிறது என்றால் அதற்கும் உறிஞ்சும் கட்டு உண்டு. ஆனால் அது வேறு வகை, மருத்துவமனைப் படுக்கையில் மட்டுமே செய்யக்கூடியது.

ஆகவே டிஸ்சார்ஜ் தேதி பேசுவதற்கு முன் இந்தக் கேள்விகளை நேராகக் கேளுங்கள். உறை முழுவதும் மூடியிருக்கிறதா? புண்ணில் கறுத்த செத்த சதை மிச்சம் இருக்கிறதா? குடலிலிருந்து கசிவு ஏதும் உண்டா? புண்ணில் புற்றுநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? கடைசிக் கேள்வியை நீங்களாகவே கேட்டால்தான் உண்டு. அம்மா இதயத்துக்காக குளோபிடோக்ரெல் சாப்பிட்டு வந்தார். வார்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்திருந்தோம். மெஷின் அளவை முடிவு செய்தவருக்குத் தெரியவில்லை. இத்தகைய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கட்டே கூடாது என்பதில்லை, கூடுதல் கண்காணிப்பு வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

இது எவ்வளவு பலன் தரும் என்பதில் கால் தரையில் இருக்கட்டும். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மருத்துவமனைகளில் இதே போன்ற வயிற்றுப் புண் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2020ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 42 நாட்களுக்குள் புண் முழுதாக மூடியவர்கள் வேக் முறையில் நூற்றுக்குச் சுமார் 36 பேர், சாதாரணக் கட்டில் 21, 22 பேர். புண் சார்ந்த தொந்தரவுகள் வேக் முறையில்தான் அதிகம். அதாவது பலன் உண்டு, ஆனால் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் மூடிவிடுவதில்லை. “பத்து நாள் போதும்” என்று யாராவது சொன்னால் பத்து நாளுக்கு மட்டும் பணத்தைத் தயார் செய்து வைக்காதீர்கள்.

2. மெஷினை வாடகைக்கு எடுப்பது

பெரும்பாலான மருத்துவமனைகள் மெஷினைத் தாங்களே கொடுப்பதில்லை; ஒரு விநியோகஸ்தரின் தொலைபேசி எண்ணைக் கொடுப்பார்கள். அவரைத் தவிர இன்னொருவரிடமாவது விலை கேளுங்கள். எங்களிடம் நாள் வாடகை 800 ரூபாய், திருப்பித் தரக்கூடிய முன்பணம் 15,000 ரூபாய். ஒரு முறை கட்டுவதற்கான பஞ்சு, படலம், குழாய் அடங்கிய ‘கிட்’ மருத்துவமனைக் கவுன்டரில் 6,800. அதே கம்பெனி, அதே அளவு கிட் விநியோகஸ்தரிடம் 4,500. வெளியில் வாங்கிய கிட்டை அங்கே போட்டுவிடுவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் மறுப்பார்கள்.

பணம் கொடுக்கும் முன் மெஷினை ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு வந்ததன் பேட்டரி காகிதத்தில் 12 மணி நேரம், வீட்டில் ஐந்து. வாடகை மெஷின் பல கை மாறி வந்தது என்பதை மறக்கக் கூடாது. சார்ஜர், தோளில் மாட்டும் பை, ஒரு கூடுதல் கேனிஸ்டர் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெஷினின் வரிசை எண் ரசீதில் ஏற வேண்டும்.

கிட்டும் மெஷினும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு கம்பெனியின் குழாய் முனை இன்னொன்றின் கேனிஸ்டரில் மாட்டாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அண்ணன் ஒரு முறை இரண்டு கிட் வேறு இடத்தில் வாங்கி வந்தார். படலம் ஒட்டியது, பஞ்சு பொருந்தியது, குழாய் மட்டும் மாட்டவில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

டப்பா இல்லாமல் பேட்டரியில் ஏழு நாள் மட்டும் ஓடித் தூக்கிப்போடும் சின்ன வகையும் சந்தையில் இருக்கிறது. அது தைத்து மூடிய கீறலுக்கும் கசிவு குறைவான புண்ணுக்கும் உரியது. அம்மாவுக்கு இருந்த ஆழத்துக்கும் கசிவுக்கும் அது தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

3. கட்டு மாற்றும் நாட்களை முதலிலேயே காலண்டரில் குறியுங்கள்

இந்தக் கட்டை வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கிருமித் தொற்று அதிகம் இருந்தால் இன்னும் சீக்கிரம். மூன்று நாளைத் தாண்டினால் பஞ்சின் துளைகளுக்குள் புதுச்சதை வளர்ந்து புகுந்துகொள்ளும். எடுக்கும்போது வலியில் உயிர் போகும், இரத்தமும் வரும்.

எளிய கணக்கு திங்கள், புதன், வெள்ளி. வெள்ளி முதல் திங்கள் வரை சரியாக 72 மணி நேரம். ‘மூன்று நாளுக்கு ஒரு முறை’ என்று பொதுவாக விட்டுவிட்டால் ஏதாவது ஒரு மாற்றம் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும், அன்று புறநோயாளர் பிரிவு பூட்டிக் கிடக்கும். பொங்கல், தீபாவளி போன்ற தொடர் விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் யார் மாற்றுவார், எங்கே வர வேண்டும் என்பதைப் பெயரோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் இதோடு சேர்ந்தது: இரவு பதினொரு மணிக்கு மெஷின் கத்தினால் யாரைக் கூப்பிடுவது? இதைக் கேட்காமல் வந்ததற்கு நாங்கள் கொடுத்த விலையை ஆறாம் படியில் சொல்கிறேன்.

4. கையில் வாங்காமல் வெளியேறக் கூடாத காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் வழக்கமாக “வேக் டிரெஸ்ஸிங் தொடரவும்” என்று ஒற்றை வரி இருக்கும். அது போதாது. இவை எழுத்தில் வேண்டும்: அறுவையின் பெயரும் தேதியும், புண்ணின் நீளம், அகலம், ஆழம், உறை மூடியிருக்கிறது என்ற குறிப்பு, மெஷினில் வைக்க வேண்டிய அழுத்தம் (பெரும்பாலும் மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு, வலியோ இரத்தக் கசிவு அபாயமோ இருந்தால் குறைத்து வைப்பார்கள்), தொடர்ச்சியாக ஓட வேண்டுமா விட்டு விட்டு ஓட வேண்டுமா, எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது, தோராயமாக எத்தனை வாரம்.

தனியாக ஒரு மருந்துச்சீட்டு கேளுங்கள். அதில் மெஷின் வாடகை, கிட், கேனிஸ்டர் மூன்றும் நோயாளியின் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் உங்கள் ரசீதுகளை வெறும் கடைச் சீட்டாகத்தான் பார்ப்பார்கள். சீழ்ப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள். இரவில் வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

புண்ணின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துச் செவிலியர் எடுக்கும் படத்தை உங்கள் கைபேசிக்கும் அனுப்பச் சொல்லுங்கள். புண் சுருங்குகிறதா என்பதற்கு அதுவே சாட்சி. தினம் பார்க்கும் நம் கண்ணுக்குத் தெரியாது.

5. வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நாள்

சேலையை மறந்துவிடுங்கள். வயிற்றின் நடுவில் புண், அதிலிருந்து குழாய். பாவாடை நாடா சரியாக அதன் மேலேதான் ஏறி உட்காரும். முதல் நாள் அம்மா பிடிவாதமாகச் சேலை கட்டினார். ஒரு மணி நேரத்தில் மெஷின் ‘அடைப்பு’ என்று கத்த ஆரம்பித்தது. நாடா குழாயை நசுக்கியிருந்தது. அதன்பின் முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான நைட்டிதான். ஆண்களுக்கு இடுப்பில் தளர முடிந்த வேட்டி அல்லது லுங்கி, அதுவும் தொப்புளுக்குக் கீழே. வயிற்றுப் பட்டி போடச் சொல்லியிருந்தால், குழாய் வெளியே வரும் இடத்தில் அது எப்படி அமைய வேண்டும் என்பதை மருத்துவமனையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குழாயின் மேல் படுத்தால் அந்தத் தடத்திலேயே இன்னொரு புண் வந்துவிடும்.

படுக்கை ஓரத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் தரையிலோ, படுக்கை உயரத்திலோ நிற்கட்டும். புண்ணுக்கு மேலே தொங்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாள் எது என்பது நாளிதழில் வந்துவிடும். அதை ஒரு வாரம் முன்பே பார்த்து முந்தின இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். எங்கள் ஐந்து மணி நேர பேட்டரிக்கு அந்த ஒரு நாள் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான் கை கொடுத்தது.

வாங்கி வைக்க வேண்டியவை: சலைன் பாட்டில் நான்கு, கிருமி நீக்கிய காஸ் துணி, கையுறை, ஒட்டு டேப், ஒட்டும் படலத்தில் உபரியாக இரண்டு தாள். மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. பயன்படாமல் கிடந்தாலும் பரவாயில்லை.

குளியல் கிடையாது. ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். வியர்வையில் படலம் உரியும் என்பதால் கோடையில் மின்விசிறிக்கு நேராகப் படுக்கையைப் போடுங்கள்.

6. மெஷின் கத்தினால்

நான்கு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்: பேட்டரி தீர்ந்தது, டப்பா நிறைந்தது, குழாய் மடங்கியது, எங்கோ காற்றுப் புகுகிறது. முதல் மூன்றும் நிமிட வேலை. டப்பா நிறையாவிட்டாலும் வாரம் ஒரு முறை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது.

நான்காவதுதான் படுத்தும். நன்றாக உறிஞ்சும்போது பஞ்சு, வெயிலில் காய்ந்த நார்த்தங்காய் போலச் சுருங்கி, தொட்டால் கெட்டியாக இருக்கும். காற்றுப் புகுந்தால் இட்லி போல உப்பி மெத்தென்று ஆகிவிடும். விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியை அணைத்து, காதைப் படலத்தின் அருகே கொண்டுபோனால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய ஓசை கேட்கும். எங்களுக்குப் பெரும்பாலும் தொப்புள் குழியிலும், உட்காரும்போது வயிறு மடியும் கோட்டிலும்தான் ஓட்டை. அந்த இடத்தை விரலால் அழுத்தினால் ஓசை நிற்கும். உபரிப் படலத்தில் ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினால் போதும். இதை மருத்துவமனையிலேயே ஒரு முறை உங்கள் கையால் செய்து பழகிவிட்டு வாருங்கள்.

நாங்கள் பழகவில்லை. டிஸ்சார்ஜ் ஆன ஒன்பதாம் நாள், சனிக்கிழமை இரவு 11.40 மணிக்கு மெஷின் கத்தியது. விநியோகஸ்தரின் எண்ணுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தால் இரவுப் பணியில் இருந்தவர், “திங்கட்கிழமை வருவீர்கள் இல்லையா, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அம்மா தூங்க வேண்டுமே என்று மெஷினை அணைத்துவிட்டோம். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கட்டைப் பிரித்தபோது அறை முழுவதும் நாற்றம். 33 மணி நேரம் சீழில் ஊறிய பஞ்சு, மேலே காற்றுப் புகாத மூடி. பிரித்த செவிலியர் எங்களைப் பார்க்கவே இல்லை. மருத்துவர் மட்டும், “ஒரு வார வேலை போயிற்று” என்றார்.

அன்றுதான் இந்த விதியைச் சொன்னார்கள்: நாளின் 24 மணி நேரத்தில் 22 மணி நேரமாவது மெஷின் ஓட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், பஞ்சைப் புண்ணுக்குள் விட்டு வைக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டு, சலைனில் நனைத்த காஸ் துணியால் சாதாரணக் கட்டுப் போட வேண்டும். ஐந்தாம் படியில் சொன்ன சலைனும் காஸ் துணியும் இதற்குத்தான். வீட்டில் யார் இதைச் செய்வது, அல்லது நள்ளிரவில் எந்த அவசரப் பிரிவுக்குப் போய் “பஞ்சை எடுத்துவிடுங்கள்” என்று கேட்பது என்பது டிஸ்சார்ஜ் நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும். “திங்கட்கிழமை பார்க்கலாம்” என்று பதில் வந்தால் “இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது” என்று வார்த்தை பிசகாமல் சொல்லுங்கள். அந்தச் சொற்களுக்கு அவர்கள் காது திறக்கும்.

7. கட்டு மாற்றும் நாள்

வலி மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். போய் வரிசையில் உட்கார்ந்த பிறகு கொடுத்தால் பயனில்லை. பஞ்சை எடுப்பதற்கு முன் சலைனை அதில் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டால் வலி பாதியாகும். அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். “கொஞ்சம் ஊறட்டுமே சிஸ்டர்” என்று கேட்பதில் தவறே இல்லை. அப்படியும் ஒட்டினால், பஞ்சுக்கு அடியில் ஒட்டாத வலைத்துணி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சின்ன வேலை. உள்ளே எத்தனை துண்டுப் பஞ்சு வைத்தார்கள் என்பதைப் படலத்தின் மேலே பேனாவால் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அதே எண்ணிக்கை வெளியே வருகிறதா என்று நீங்களும் எண்ணுங்கள். சென்ற முறை போட்டவரும் இந்த முறை பிரிப்பவரும் ஒருவராக இருப்பதில்லை. ஒரு மூலையில் ஒரு துண்டு தங்கிவிட்டால் புண் மேலே மூடிக்கொண்டு உள்ளே அழுகும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009லும் 2011லும் இந்தக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கைகளில் இரத்தப்போக்கு, தொற்று ஆகியவற்றோடு உள்ளே தங்கிப்போன பஞ்சும் இடம்பெற்றது. இறப்புகளில் பெரும்பாலானவை வீட்டிலும் பராமரிப்பு இல்லங்களிலும் நடந்தவை என்றும் அது சொன்னது. அம்மாவின் கட்டின் மேல் நீல மையில் ‘2’ என்று எழுதியிருக்கும். ஒரு புதன்கிழமை ஒன்றுதான் வந்தது. நான் எண்ணைக் காட்டிய பிறகே இடது பக்கக் குழியிலிருந்து இரண்டாவதைத் தேடி எடுத்தார்கள்.

பஞ்சு நல்ல தோலின் மேல் ஏறக் கூடாது. புண்ணின் அளவுக்கே வெட்ட வேண்டும். ஏறினால் அந்த இடம் வெந்ததுபோலச் சிவந்துவிடும்.

8. சாப்பாடு: பத்தியம் பேசுபவர்களை வாசலோடு அனுப்புங்கள்

பார்க்க வந்த பெரியம்மா முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், பருப்பு சீழ் பிடிக்கும், கத்திரிக்காய் அரிக்கும் என்று பட்டியல் போட்டார். அவர் சொன்னபடி நடந்திருந்தால் அம்மாவுக்கு மிளகு ரசம் சாதம்தான் மிஞ்சியிருக்கும். டப்பாவில் தினமும் சேரும் கசிவில் உடம்பின் புரதமும் போகிறது. அதை ஈடுகட்டாமல் சதை எதைக் கொண்டு வளரும்? தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, மீன் அல்லது கோழி, சுண்டல், பருப்பு, தயிர் என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் எந்த மெஷினும் புண்ணை மூடாது. வீட்டில் சோதித்து எழுதிய நோட்டை ஒவ்வொரு முறையும் கொண்டு போங்கள். புகைப்பவர் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். இருமலும் மலச்சிக்கலும்கூடத் தையலை இழுக்கும். இரண்டுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

9. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

குழாயிலோ டப்பாவிலோ பளிச்சென்ற சிவப்பு இரத்தம் திடீரென ஓடினால் மெஷினை உடனே நிறுத்துங்கள். கட்டைப் பிரிக்காதீர்கள். மேலேயே துணி வைத்து அழுத்திப் பிடித்தபடி 108ஐக் கூப்பிடுங்கள். வெளிறிய சிவப்பில் தண்ணீர் போல வருவது வேறு, அது வழக்கமானது. ஆனால் அதுவே திடீரென்று கட்டு முழுவதையும் நனைக்கும் அளவு பெருகினால் உள் உறை பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ, மல நாற்றத்தோடோ, உணவுத் துகளோடோ வந்தால் குடல் கசிகிறது என்று பொருள்; அன்றே போக வேண்டும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, திடீர் வலி ஆகியவற்றுக்கும் அதே விதிதான்.

இருமும்போது “ஏதோ பிளந்ததுபோலிருந்தது” என்று நோயாளி சொல்லிக் குடல் வெளியே தெரிந்தால், உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108க்குச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் மெஷின் இருப்பதை முன்பே தெரிவியுங்கள். மெஷின் அந்த அறைக்குள் போகக் கூடாது.

10. செலவும் காப்பீடும்

எங்கள் 25 நாள் கணக்கு இது. வாடகை 20,000. ஒன்பது கிட் 40,500. ஒன்பது முறை கட்டு மாற்றும் கட்டணம் தலா 1,200 வீதம் 10,800. நான்கு டப்பா 6,400. பத்து முறை ஆட்டோவில் போய் வந்தது 5,000. மொத்தம் 82,700 ரூபாய். உங்கள் ஊரில் வேறாக இருக்கும். ஆனால் வாடகையைவிடக் கிட்தான் விழுங்கும் என்பது மாறாது. விலை பேசுவதானால் கிட்டில் பேசுங்கள்.

தனியார் காப்பீடு இருந்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்ற பிரிவில் கேளுங்கள். பல பாலிசிகளில் அது 60 நாள். சிலர் ‘வீட்டு மருத்துவம்’ என்ற பிரிவில் விண்ணப்பித்துத் தடுக்கி விழுகிறார்கள். நோயாளியை நகர்த்தவே முடியாத நிலை, படுக்கை கிடைக்காத நிலை போன்றவற்றுக்குத்தான் அந்தப் பிரிவு பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது. வாரம் மூன்று முறை ஆட்டோவில் போய் வருபவருக்குப் பொருந்தாது. தனிச் செவிலியர் கட்டணமும் வயிற்றுப் பட்டியும் வழக்கமாகக் கழிக்கப்படும் பட்டியலில் இருக்கின்றன. அலைச்சலைப் பார்த்து வீட்டுக்கே செவிலியரை வரவழைக்க நினைப்பவர்கள் இதையும் எடை போட்டுக்கொள்ளுங்கள். புறநோயாளர் பிரிவில் கட்டு மாற்றிய ரசீதுக்கு எங்களுக்கு எந்தத் தகராறும் வரவில்லை.

தகராறு வாடகையில் வந்தது. ஆட்டோச் செலவு நீங்கலாக 77,700 கேட்டோம், 57,700 வந்தது. ரசீது என் பெயரில் இருந்தது, அதில் ‘மெஷின் வாடகை’ என்று மட்டும் இருந்தது என்பதே காரணம். நோயாளி பெயர், வரிசை எண், தேதிகளோடு ரசீதைத் திருத்தி வாங்கி, “இந்தப் புண்ணுக்கு இந்தச் சிகிச்சை அவசியம், வார்டில் தங்குவதற்குப் பதிலாக வீட்டில் தரப்பட்டது” என்று அறுவை மருத்துவர் எழுதிய கடிதத்தோடு மறுபடி அனுப்பினோம். மிச்ச 20,000 வந்து சேர ஏழு வாரம் ஆனது. நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் தீர்வு இல்லாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மருத்துவமனையில் அத்திட்டத்தைக் கவனிப்பவரிடமோ 1800 425 3993 என்ற இலவச எண்ணிலோ கேட்டுவிடுங்கள். வெளியே வந்தபின் வாங்கும் கிட் அதில் சேருமா, வார்டில் தங்கினால்தான் சேருமா என்பதைப் பொறுத்து வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவே மாறலாம்.

11. மெஷினைத் திருப்பிக் கொடுப்பது

புண் முழுதாக மூடும்வரை மெஷின் தேவையில்லை. ஆழம் நிரம்பிச் சிவந்த, மணல் மணலான சதை தோல் மட்டத்துக்கு அருகே வந்துவிட்டால் சாதாரணக் கட்டுக்கு மாற்றுவார்கள், அல்லது மறுபடி தைத்து மூடுவார்கள். அம்மாவின் புண் 3 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து அரை சென்டிமீட்டருக்கு வந்தபோது கழற்றினார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் “இன்னும் எத்தனை கட்டு?” என்று கேட்டு, அந்த வாரத்துக்கு மட்டும் கிட் வாங்குங்கள். பிரிக்காத கிட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதும் விநியோகஸ்தரிடம் முதல் நாளே கேட்க வேண்டியது.

கழற்றும் நாளன்றே அவரை மருத்துவமனைக்கு வரச் சொல்லி அங்கேயே ஒப்படையுங்கள். ஒரு நாள் தள்ளினால் அதற்கும் வாடகை. மெஷினைத் துடைத்து, ஓடுவதைக் காட்டி, வரிசை எண்ணோடு “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்குங்கள். நிறைந்த டப்பாவை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. மருத்துவமனையின் மருத்துவக் கழிவுத் தொட்டியில் போட அனுமதிப்பார்கள். முன்பணத்தை “கணக்கில் போட்டுவிடுகிறேன்” என்றார் எங்களவர். நான் வாசலிலேயே நின்றேன். பத்து நிமிடத்தில் கைபேசியில் 15,000 வந்தது. அதன் பிறகுதான் சார்ஜரைக் கொடுத்தேன்.